மேடை ஏறிய ஏழு நாய்கள் குறித்து

அனுப்புநர்:
பதினொன்றாம் இருக்கைத் தொலைபேசிப் பணியாளர் (ஒப்பந்தப் பணி),
அவசர ஊர்தி அழைப்பு மையம்,
மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் மேல்மாடி.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
அவசர ஊர்திச் சேவை,
தலைமை அலுவலகம்.

பொருள்: பணியாளர் நாய்கள் தினத்தன்று சிறப்பு விருந்தினர் மேடையிலிருந்து விழுந்தது – நிர்வாக அலுவலரின் அறிக்கை உண்மைக்கு மாறானது – கரித்துண்டு என்னும் நாயை மாநகராட்சி நாய் வண்டியில் ஏற்றும் ஆணையை ரத்து செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. அவசர ஊர்தி கேட்டுப் பொதுமக்கள் அழைக்கும்போது தொலைபேசியை எடுத்துப் பேசுவது என் வேலை. எங்கள் கூடத்தில் யாரும் தம் பெயரைச் சொல்லக் கூடாது என்பது விதி. அழைத்தவர் பிறகு ஆளைத் தேடி வந்து நன்றி சொல்லவும் கூடாது, சட்டையைப் பிடிக்கவும் கூடாது என்பதற்காக வைத்த விதி அது. அதனால் உட்காரும் இருக்கையின் எண்ணே எங்களுக்குப் பெயராகிவிட்டது. என்னைப் பதினொன்று என்பார்கள். எனக்குப் பக்கத்தில் இருப்பவர் பன்னிரண்டாம் இருக்கை அக்கா. இந்த மனுவிலும் அந்த விதியை மீறாமல் எழுதுகிறேன். நாய்களுக்கு அப்படி விதி எதுவும் இல்லாததால் அவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறேன்.

2. கரித்துண்டு என் நாய். கறுப்பு நிறம், நடுத்தர உயரம், இடது காது மடிந்திருக்கும், வாலில் நுனி இல்லை. அது சிறப்பு விருந்தினரைக் கடித்தது என்று நிர்வாக அலுவலர் தங்களுக்கு அறிக்கை அனுப்பியிருக்கிறார். வரும் வெள்ளிக்கிழமை காலை அதை மாநகராட்சி நாய் வண்டியில் ஏற்ற வேண்டும் என்றும், இனச் சான்றிதழ் இல்லாத மற்ற மூன்று நாய்களும் அன்றிலிருந்து கூடத்துக்குள் வரக் கூடாது என்றும் ஆணையிட்டிருக்கிறார். கரித்துண்டு யாரையும் கடிக்கவில்லை. அந்த வண்டியில் ஏறிய நாய் திரும்பி வந்ததாக இந்த ஊரில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி தங்கள் பார்வைக்கு வைக்கிறேன். இது மன்னிப்புக் கேட்கும் மனு அல்ல என்பதையும் தொடக்கத்திலேயே பணிவுடன் சொல்லிவிடுகிறேன்.

3. எங்கள் கூடத்துக்கு நாய்கள் வந்தது எலியால். கீழே சலவைக்கூடம், மேலே நாங்கள். வெந்நீர்க் குழாயின் சூட்டுக்கு எலிகள் மேலே ஏறிவரும். வந்ததும் தொலைபேசி வயர்களைக் கடிக்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே லைன் செத்துப்போகும். மறுமுனையில் மூச்சுத் திணறும் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஒரு தாய் பேசும்போது லைன் செத்துப்போனால் எப்படி இருக்கும் என்று தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எலிப்பொறி கேட்டு எழுதினோம். பதில் வந்தது, பொறி வரவில்லை. கடைசியில் பன்னிரண்டாம் இருக்கை அக்கா தன் வீட்டு நாயை அழைத்துவந்தார். எப்போதும் கண்டிப்பான முகத்தோடு உட்கார்ந்திருப்பதால் அதற்கு வாத்தியார் என்று பெயர். அப்போது இருந்த அலுவலர் எலி ஒழிப்புக்காக என்று சொல்லி அனுமதித்தார்.

வாத்தியார் இன்றுவரை ஓர் எலியைக்கூடப் பிடித்ததில்லை. எலி எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிடும் சுபாவம் அதற்கு. ஆனால் அது மேசைக்கடியில் படுக்கத் தொடங்கியதிலிருந்து எங்கள் வரிசையில் திடீர் விடுப்பு எடுப்பவர்கள் குறைந்தார்கள். ஒரு அழைப்பு முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வருகிறவர்கள் குறைந்தார்கள். பிறகு வயர்களை இரும்புக் குழாய்க்குள் விட்டார்கள். எலி போயிற்று, நாய் தங்கிவிட்டது. மற்றவர்களும் தத்தம் நாயை அழைத்துவந்தார்கள். இப்போது ஏழு இருக்கின்றன. இத்தனை நாய்கள் இருக்கும் கூடத்தில் அழைப்பு வரும்போது ஒன்றுகூடக் குரைப்பதில்லை. அதை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. எங்களைப் பார்த்து அவையே கற்றுக்கொண்டன. இதை எழுதும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது. மறைக்க விரும்பவில்லை.

4. இந்தச் செய்தி தலைமை அலுவலகத்தின் காதுக்குப் போனது. வாசலில் 'நாய்களை வரவேற்கும் பணியிடம்' என்று ஒரு பலகை வந்து மாட்டப்பட்டது. என் நாற்காலியின் உடைந்த கைப்பிடிக்காக நான் எழுதிக் கொடுத்தது அதற்கு முந்தைய ஆண்டு. பலகை வந்துவிட்டது, கைப்பிடி இன்னும் வரவில்லை. பலகையில் உள்ள படத்தில் இருப்பது எங்கள் நாயும் அல்ல. தங்கநிற முடியும் வெள்ளைப் பல்வரிசையுமாக எங்கோ எடுத்த ஒரு நாய். அப்போதே கேட்டோம். நம் நாய்களின் படம் அவ்வளவாக எடுபடாது என்று பதில் சொன்னார்கள். அன்று அதைச் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டோம். விட்டிருக்கக் கூடாது.

5. அன்று மேடையில் நடந்தது தங்களுக்குப் புரிய வேண்டுமென்றால் நாங்கள் வேலை செய்யும் விதம் தெரிய வேண்டும். அழைப்பு வந்ததும் இரண்டு கைகளும் கீபோர்டுக்குப் போய்விடும். என்ன ஆயிற்று, எங்கே இருக்கிறீர்கள், பக்கத்தில் என்ன அடையாளம், மூச்சு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே தட்ட வேண்டும். அருகில் இருக்கும் ஊர்தியைத் தேடி ஓட்டுநருக்குத் தகவல் போனதும் திரையில் பச்சை விளக்கு எரியும். அப்போது அழைத்தவரிடம் நாங்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொல்வோம். "வண்டி கிளம்பிடுச்சு, லைன்லயே இருங்க." அதைச் சொன்ன பிறகுதான் வலது கைக்கு வேலை ஓயும். ஓய்ந்த கை தானாக மேசைக்கடியில் போகும். அங்கே ஒரு தலை இருக்கும்.

இதை யாரும் திட்டமிடவில்லை. ஆண்டுக்கணக்கில் இப்படியே நடந்து, அந்த இரண்டு சொற்களும் நாய்களுக்குப் பழகிவிட்டன. "வண்டி கிளம்பிடுச்சு" என்று காதில் விழுந்ததும் தூங்கிக்கொண்டிருக்கும் நாய்கூடத் தலையை நிமிர்த்தும். சொன்னவர் தன் ஆள்தான் என்று இருக்க வேண்டியதில்லை. யார் சொன்னாலும் எழுந்து போய் அவர் கைக்குக் கீழே தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். கை கிடைக்காவிட்டால் காலை முட்டும். சொன்னவருக்கு அந்த நேரத்தில் ஒரு தலை தேவைப்படும் என்று அவை நினைக்கின்றன. எங்கள் கூடத்தில் அந்த நினைப்பு ஒருமுறைகூடத் தவறியதில்லை.

6. ஏன் தேவைப்படுகிறது என்பதையும் ஒரே ஓர் அழைப்பைக் கொண்டு சொல்கிறேன். சென்ற மழைக்காலத்தில் ஒருவர் அழைத்தார். மனைவிக்குத் தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டது. வீட்டுக்கு முன்னால் முழங்கால் தண்ணீர். ஊர்தி சுற்றுவழியில் போக வேண்டியிருந்தது. முதுகில் எப்படித் தட்டுவது, வயிற்றில் எங்கே அழுத்துவது என்று நான் சொல்லச் சொல்ல அவர் செய்துகொண்டிருந்தார். நடுவில் அவர், "நீங்க வைக்காதீங்க, நீங்க வைக்காதீங்க" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். ஊர்தி போய்ச் சேர்ந்தது, எங்கள் லைன் துண்டிக்கப்பட்டது. அந்தப் பெண் பிழைத்தாரா என்று எனக்குத் தெரியாது. எந்த அழைப்பிலும் எங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்வதற்கு யாரும் நியமிக்கப்படவில்லை. கதையின் நடுவில் எழுப்பிவிடப்பட்டவர்களைப் போல அடுத்த அழைப்புக்குப் போய்விட வேண்டும்.

அன்று அடுத்த அழைப்பு ஒலித்தபோது என் விரல் பொத்தானுக்குப் போகவில்லை. கரித்துண்டு தன் முழு எடையையும் என் பாதத்தின் மேல் போட்டுப் படுத்தது. நான் அழைப்பை எடுத்தேன். அது செய்தது இவ்வளவுதான். இதற்கு மேல் அதைப் பற்றி நான் கதை கட்டவில்லை. ஆனால் எங்கள் நல்வாழ்வுக்கென்று தலைமை அலுவலகம் இதுவரை செய்த எதுவும் அந்த அளவுக்கு எடை உள்ளதாக இல்லை.

7. பணியாளர் நாய்கள் தினம் ஆண்டுக்கு ஒருமுறை நாங்களே தொடங்கிக் கொண்டாடுவது. அதில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் தன் நாயைப் பற்றிப் பேசக் கூடாது, அடுத்தவர் நாயைப் பற்றித்தான் பேச வேண்டும். முதல் ஆண்டு எல்லோரும் தத்தம் நாயின் அருமை பெருமைகளைப் பேசத் தொடங்கி, கூட்டம் முடியாமல் அடுத்த ஷிப்ட்காரர்கள் வாசலில் நின்று கத்தும்படி ஆனது. மறு ஆண்டிலிருந்து இந்த ஏற்பாடு. அடுத்தவர் நாயைப் பற்றிப் பேச வேண்டுமானால் ஆண்டு முழுவதும் அதைக் கவனிக்க வேண்டும். நாயைக் கவனிக்கப்போய் அந்த நாயின் ஆளையும் கவனித்துவிடுகிறோம். எங்கள் மையத்தின் மிகச் சிறந்த நிர்வாக ஏற்பாடு இதுதான் என்பது என் கருத்து. இதை எந்த அலுவலரும் கண்டுபிடிக்கவில்லை.

இந்த ஆண்டு கரித்துண்டைப் பற்றிப் பேசும் முறை எங்கள் ஷிப்ட் கண்காணிப்பாளருக்கு வந்தது. அவர் நிரந்தரப் பணியாளர், கண்டிப்பானவர். நான் தாமதமாக வந்தால் ஒரு நிமிடத்தையும் விடாமல் குறிப்பவர். அவர் எழுந்து, "இந்த நாய் என் செருப்ப ரெண்டு தடவ தின்னுருக்கு. ரெண்டு தடவயும் இடது கால் செருப்பு. இப்ப எங்கிட்ட வலது கால் செருப்பு ரெண்டு இருக்கு, யாருக்காவது வேணும்னா வாங்கிக்கோங்க" என்று தொடங்கினார். கூட்டம் சிரித்து அடங்கியதும், "மழை நேரத்துல லைன் மேல லைனா வந்துச்சு. நான் உக்காரவே இல்ல, நடந்துட்டே இருந்தேன். இது என் பின்னாடியே நடந்துச்சு. நான் நின்னா அதுவும் நின்னுச்சு. திரும்பிப் பாத்தேன். அப்பதான் நான் எவ்ளோ நேரமா நடக்கறேன்னே எனக்கு உறைச்சுது. உக்காந்தேன்" என்று முடித்தார். அவர் எனக்கு நான்கு ஆண்டுகளாக மேலதிகாரி. அவருக்கும் கால் வலிக்கும் என்று அன்றுதான் நினைத்துப் பார்த்தேன்.

அவருடைய நாய் இளவரசியைப் பற்றி நான் பேசினேன். நீண்ட பொன்னிற முடி உள்ள வெளிநாட்டு இன நாய். "எங்க கீபோர்ட்ல எந்த எழுத்தத் தட்டினாலும் முதல்ல இவ முடிதான் வருது. ஆனா ஷிப்ட்டுக்குப் புதுசா யாரு வந்தாலும் அவங்க மேசைக்குத்தான் இவ முதல்ல போறா. யாரு புதுசுன்னு எங்களுக்கு முன்னாடியே இவளுக்குத் தெரியுது" என்றேன். ஊர்தி ஓட்டும் அண்ணன் ஒருவர் பின்னாலிருந்து, "வால ஆட்டறதத் தவிர வேற என்ன வேல பாக்குதுங்க இதுங்க?" என்று கிண்டல் செய்தார். அக்கா திரும்பிப் பார்த்து, "நீங்க ஸ்டியரிங்க ஆட்டறீங்கல்ல, அதே வேலதான். அதுங்க எதுலயும் இடிக்காம ஆட்டுதுங்க" என்றார். இப்படிப்பட்ட ஒரு நாள் அது.

8. இந்த ஆண்டுதான் முதன்முறையாக நிர்வாக அலுவலர் விழாவைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். நம் சேவைக்கு ஊர்திகளை நன்கொடையாக அளித்த நிறுவனத்தின் மேலாளரைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தார். ஊர்திக் கொட்டகையில் பழைய பலகைகளை அடித்து மேடை போட்டார்கள். ஓரத்தில் பூந்தொட்டிகளை அடுக்கினார்கள். நாங்கள் நாய்களோடு முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தோம்.

விருந்தினர் நல்ல மனிதர், நன்றாகவே பேசினார். பேச்சின் உச்சத்தில் மைக்கை வாய்க்கு அருகில் இழுத்து, "ஒரு உயிர் ஊசலாடும்போது மனிதனுக்கு வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்தான். அந்த வாக்கியத்தைத்தான் நீங்கள் தினமும் சொல்கிறீர்கள்" என்று நிறுத்தி, கூட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "வண்டி கிளம்பிடுச்சு" என்றார். ஒலிபெருக்கியில் சொன்னார். ஏழு நாய்களும் எழுந்தன.

ஐயா, அவை ஓடியது உண்மை. மேடை ஏறியதும் உண்மை. அவ்வளவு பெரிய குரலில் அந்தச் சொற்களை அவை அதற்கு முன் கேட்டதில்லை. இவ்வளவு சத்தமாகச் சொல்கிறவருக்கு எவ்வளவு தேவையோ என்று நினைத்திருக்க வேண்டும். ஏழு தலைகளும் ஒரே நேரத்தில் அவருடைய கையையும் முழங்காலையும் தேடின. அவருக்கு இது தெரியாது. பயந்து பின்னால் ஒரு அடி வைத்தார், நாற்காலியில் இடறினார், மேடை விளிம்பிலிருந்து பூந்தொட்டிகளின் மேல் விழுந்தார்.

9. அடுத்து நடந்ததைத்தான் நிர்வாக அலுவலர் 'பணியாளர்கள் விருந்தினரைக் கேலி செய்தனர்' என்று எழுதியிருக்கிறார். பன்னிரண்டாம் இருக்கை அக்கா எல்லோருக்கும் முன்னால் ஓடிப்போய் அவர் பக்கத்தில் மண்டியிட்டார். அக்கா பதினாறு ஆண்டுகளாக இந்த வேலையில் இருப்பவர். விழுந்தவரைக் கண்டதும் வாய் தானாக ஓடியது. "பதறாதீங்க. மூச்சு விட முடியுதா? எந்த இடத்துல வலிக்குது? கூட யாராவது இருக்காங்களா?" இதுவரை சரி. அடுத்ததாக, எதிரே கண்முன் கிடப்பவரிடம், "நீங்க இருக்கற எடத்துக்குப் பக்கத்துல ஏதாவது அடையாளம் சொல்லுங்க" என்று கேட்டார். அவரும் சுற்றிப் பார்த்து, "பூந்தொட்டி" என்றார்.

சிலர் சிரித்துவிட்டார்கள். மறுக்கவில்லை. ஆனால் அக்கா சிரிக்கவில்லை. அவர் வேலை செய்துகொண்டிருந்தார். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, எலும்பு முறியவில்லை, சுளுக்குதான் என்று தெரிந்துகொண்டு, தன் துப்பட்டாவால் கட்டுப் போட்டு, வழக்கப்படி முடிக்க வேண்டிய வாக்கியத்தையும் சொல்லி முடித்துவிட்டார். நாங்கள் கழுத்துப்பட்டையைப் பிடித்து அப்போதுதான் பின்னுக்கு இழுத்திருந்த ஏழு நாய்களும் மறுபடி போயின. அறிக்கையில் 'நாய்கள் இரண்டாம் முறையும் தாக்கின' என்றிருப்பது இதைத்தான். இந்த முறை விருந்தினர் தரையில் உட்கார்ந்திருந்ததால் கரித்துண்டுக்கு அவர் மடி கிடைத்தது. முன்னங்கால்கள் இரண்டையும் அதில் வைத்து, முகவாயை அவர் தோளில் சாய்த்தது. அவர் கட்டுப் போடாத கையை அதன் தலைமேல் வைத்து, "இந்தக் கறுப்புக்குப் பேரு என்ன?" என்று கேட்டார். சொன்னோம். "பொருத்தமா இருக்கு" என்றார். போகும்போது எங்களுக்குக் கையசைத்துவிட்டுத்தான் காரில் ஏறினார். அவர் எந்தப் புகாரும் கொடுக்கவில்லை. அவர் சார்பில் கோபப்படுபவர் நிர்வாக அலுவலர் மட்டுமே.

10. கடித்ததற்குச் சான்றாக விருந்தினரின் கால்சட்டையில் இருந்த கிழிசல் காட்டப்படுகிறது. அந்தக் கிழிசல் மேடைப் பலகையில் நீட்டிக்கொண்டிருந்த ஆணியால் வந்தது. ஆணியில் அதே கால்சட்டையின் சாம்பல்நிற நூல் இன்னும் தொங்குகிறது. மேடையைப் பிரிக்க வந்தவர்களிடம் சொல்லி அந்தப் பலகையை மட்டும் தனியாக எடுத்து வைத்திருக்கிறோம். ஆணியைச் சரியாக அடிக்காதவர் பெயரை நான் கேட்கவில்லை. அவருக்கும் எங்களைப்போல அவசரம் இருந்திருக்கும். ஆனால் ஆணி செய்த வேலைக்கு நாயை அனுப்புவது எந்த நிர்வாகத்தில் நியாயம் என்று தாங்கள் சொல்ல வேண்டும்.

11. இனி இனச் சான்றிதழ் பற்றி. பெற்றோர் இன்னார் என்று பதிவு செய்யப்பட்ட நாய்களுக்குத்தான் அந்தச் சான்றிதழ் கிடைக்கும் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கரித்துண்டின் தாய் பேருந்து நிலையத்துச் சுவரோரம் குட்டி போட்டது. தந்தை யார் என்பது தாய்க்கே நிச்சயமாகத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். ஆகவே இது முயன்று வாங்கக்கூடிய தகுதி அல்ல. பிறக்கும் முன்பே தோற்றுப்போன தேர்வு. வீதியில் போகிறவர்கள் ஒரு நாயைப் பார்த்ததும் எந்த ஜாதி என்று கேட்கும் பழக்கம் உண்டு. அது வீதியோடு போகட்டும். ஓர் உயிர் காக்கும் சேவையின் வாசலில் அதே கேள்வியை ஆணையாக எழுதி ஒட்ட வேண்டாம். எங்களை அழைக்கும் யாரிடமும், யாருக்குப் பிறந்தவர் என்று கேட்டுவிட்டு நாங்கள் வண்டி அனுப்பியதில்லை.

மேலும் ஒன்று. சான்றிதழ் உள்ள மூன்று நாய்களும் நிரந்தரப் பணியாளர்களுடையவை. இல்லாத நான்கும் ஒப்பந்தப் பணியாளர்களுடையவை. இது தற்செயல் என்று நிர்வாக அலுவலர் சொல்லக்கூடும். எங்களுக்குத் தனிக் கழிவறை, தனிக் குடிநீர்க் குழாய், நுழைய தனி வாசல் என்று இருப்பதும் தற்செயல்தானா என்று அவரிடம் நான் கேட்டேன். அதற்கு அவர், "நாய்ப் பிரச்சினைய நாய்ப் பிரச்சினையா மட்டும் பாரும்மா" என்றார். பார்த்தேன். ஏழு நாய்களும் ஒரே தட்டில்தான் தண்ணீர் குடிக்கின்றன. பிரச்சினை நாய்களிடம் இல்லை.

12. ஆணை ஒட்டப்பட்ட அன்று காலை ஷிப்ட் கண்காணிப்பாளர் வழக்கம்போல இளவரசியோடு வந்தார். அவருக்கு விலக்கு உண்டு. சான்றிதழைக் காட்டினால் போதும், இளவரசி அவர் அறையில் இருக்கலாம். அவர் வாசலில் நின்று ஆணையைக் கடைசி வரி வரை படித்தார். நான் என் இருக்கையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்வதானால், அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார் என்றுதான் எதிர்பார்த்தேன். நிரந்தரப் பணியாளர்கள் எல்லோரையும் நான் அப்படித்தான் கணக்கில் வைத்திருந்தேன்.

அவர் என் மேசைக்கு வந்தார். மனு எழுதப்போகிறாயா என்று கேட்கவில்லை. எழுதுவேன் என்று அவருக்குத் தெரியும். "மேடைல முதல்ல ஏறுனது யாரு?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல், "இளவரசிதான் முதல்ல ஏறுனா. எல்லாரும் பாத்தாங்க. அத எழுதாம விட்டா உன் மனுவ நான் ஒத்துக்க மாட்டேன். குத்தம்னா முதல் பேரு அவ பேரா இருக்கணும். கரித்துண்டு ஏழாவதா ஏறுச்சு, அதுக்கு வால் நுனி இல்ல, படியேறும்போது தடுமாறும். அதையும் எழுது" என்றார். அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

பிறகு இளவரசியை வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தார். சான்றிதழ் உள்ள மற்ற இரண்டு நாய்களையும் அவற்றின் ஆட்கள் மறுநாளிலிருந்து அழைத்துவரவில்லை. யாரும் கூட்டம் போட்டுப் பேசவில்லை, யாரும் யாரையும் கேட்கவில்லை. விலக்கு பெற்றவர்கள் விலக்கை வேண்டாம் என்றார்கள். அதைப் பார்த்த பிறகு எங்கள் நான்கையும் நாங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டோம். இப்போது கூடத்தில் ஒரு நாயும் இல்லை. "வண்டி கிளம்பிடுச்சு" என்று சொன்னதும் எங்கள் கைகள் கீழே போகின்றன, திரும்பி மேலே வருகின்றன. அழைப்புகளை எடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம், ஒன்றையும் விடவில்லை. ஆனால் நேற்று பன்னிரண்டாம் இருக்கை அக்கா பதினாறு ஆண்டுகளில் முதன்முறையாக ஷிப்ட் நடுவில் எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

இந்தக் கூடத்தில் வேலை செய்வதைப் பற்றி நான் வெளியில் பெருமையாகப் பேசியதில்லை. சம்பளச் சீட்டில் ஒப்பந்தம் என்று போட்டிருக்கும் இடத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன். இனிப் பேசுவேன். எங்கள் கண்காணிப்பாளர் குற்றப் பட்டியலில் தன் நாயின் பெயரை முதலில் போடச் சொன்னார் என்று போகிற இடமெல்லாம் சொல்வேன்.

13. ஆகவே ஐயா அவர்கள் தயவுசெய்து,

அ) கரித்துண்டை நாய் வண்டியில் ஏற்றும் ஆணையை வெள்ளிக்கிழமைக்கு முன் ரத்து செய்ய வேண்டும்;

ஆ) கூடத்துக்குள் நாய்கள் வருவதற்கு இனச் சான்றிதழைத் தகுதியாக்கும் பகுதியை நீக்க வேண்டும். தடுப்பூசி போட்ட அட்டை வேண்டுமென்றால் ஏழுக்கும் காட்டத் தயாராக இருக்கிறோம்;

இ) பன்னிரண்டாம் இருக்கை அக்காவுக்கு விருந்தினரைக் கேலி செய்ததாக விளக்கம் கேட்டுக் கொடுத்த குறிப்பாணையைத் திரும்பப் பெற வேண்டும். அன்று அந்த இடத்தில் தன் வேலையைச் சரியாகச் செய்தவர் அவர் ஒருவர்தான். அவருக்குத் தர வேண்டியது பாராட்டு. கூடவே ஒரு துப்பட்டாவும்;

ஈ) விருந்தினரிடம் நேரடியாகக் கேட்க வேண்டும். எங்கள் சொல்லை நம்ப வேண்டாம், அவர் சொல்வதை நம்பினால் போதும்;

உ) வாசல் பலகையில் உள்ள படத்தை எடுத்துவிட்டு எங்கள் நாய்கள் ஏழும் இருக்கும் படத்தை வைக்க வேண்டும். எடுபடுமா என்பதைப் பார்ப்பவர்கள் முடிவு செய்யட்டும்.

இவற்றில் எதுவும் முடியாது, ஆணை ஆணைதான் என்பது தங்கள் முடிவானால், முன்கூட்டியே ஒன்றைப் பணிவுடன் தெரிவிக்கிறேன். வெள்ளிக்கிழமை காலை அந்த நேரத்தில் பணியில் இல்லாத நாங்கள் எல்லோரும் ஏழு நாய்களோடும் வாசலில் இருப்போம். பணியில் இருப்பவர்கள் இருக்கையை விட்டு எழ மாட்டார்கள். ஒரு தொலைபேசிகூட எடுக்க ஆளில்லாமல் ஒலித்து ஓயாது. மேடை ஏறியவை ஏழு என்பதால் ஒன்றை மட்டும் பிரித்துக் கொடுக்க மாட்டோம். நாய் வண்டி இந்தக் கட்டடத்துக்கு இதுவரை வந்ததில்லை. மருத்துவமனையைச் சுற்றிச் சலவைக்கூடத்துப் பின்சந்துக்குள் வருவது புதியவர்களுக்கு எளிதல்ல. இந்த ஊரில் வழி தெரியாமல் நிற்கும் எந்த வண்டிக்கும் நாங்கள்தான் தொலைபேசியில் வழி சொல்கிறோம். இந்த ஒரு வண்டிக்கு மட்டும் சொல்ல மாட்டோம்.

பணி இடைவேளையில் எழுதி, இருக்கைக்குத் திரும்பும் முன் கையொப்பமிடும்,

பதினொன்றாம் இருக்கை
(கையொப்பம்)

மேற்கண்டவை உண்மை எனத் தம் கையெழுத்தையும் இடுபவர்கள்:
ஷிப்ட் கண்காணிப்பாளர், இளவரசியின் ஆள்
பன்னிரண்டாம் இருக்கை, வாத்தியாரின் ஆள்
மற்ற நான்கு நாய்களின் ஆட்கள்
ஊர்தி ஓட்டுநர், நாய் இல்லாதவர்

இடம்: அழைப்பு மையம், மேல்மாடி
நாள்: செவ்வாய்க்கிழமை, காலை ஷிப்ட்